நான் சுத்தமாக்கின போத்தல்

இது நடந்து மூணு வருஷம் இருக்கும். மாத்தளை டவுன்ல ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல நான் லேப் அசிஸ்டன்ட்டா வேலை செஞ்சுக்கிட்டிருந்தேன். இப்பவும் அங்கதான். அப்போ வேலை நிரந்தரமாகல்ல, வருஷா வருஷம் நியமனக் கடிதத்தைப் புதுப்பிச்சுக் குடுப்பாங்க. காலையில உக்குவளையில பஸ் ஏறி, ஏழு மணிக்கெல்லாம் லேப்பைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு மேசைகளைத் துடைச்சேன்னா, அதுக்கப்புறம் அந்த அறை நான் சமைக்கிற குசினி மாதிரி. பிள்ளைங்க என்னையும் 'மிஸ்'னுதான் கூப்பிடும். நான் படிச்சது ஏ.எல்., உயர்தரம் வரைக்கும்தான். கெமிஸ்ட்ரியில சாதாரண சித்தி, வெறும் பாஸ்.

எனக்கு ஒரு வியாதி இருக்கு, முதல்லயே சொல்லிடுறேன். சுத்தம். ஒரு சாமான் கோணலா இருந்தா எனக்குக் கை பரபரங்கும். நான் மௌத்து வீட்டுக்கு, ஒரு சாவுக்குப் போனாலும் வாசல்ல கிடக்கிற செருப்பையெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிட்டுத்தான் உள்ள போவேன்னு எங்க உம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாங்க. கேட்கக் கோபம் வரும், ஆனா உண்மைதான்.

அந்த வருஷம் வலயக் கல்வி அலுவலகத்துல இருந்து லேப் பார்வையிட வர்றாங்கன்னு கடிதம் வந்துச்சு. போத்தல்ல ஒட்டியிருக்கிற பழைய பேரையெல்லாம் மாத்தி, இப்போ புத்தகத்துல இருக்கிற மாதிரி எழுதணும்னும் அதுல இருந்துச்சு. எங்க அலுமாரியில பாதிக்கு மேல எனக்கு முந்தி இருந்தவங்க ஒட்டின லேபல்தான். பெரசுக் குளோரைட்டு, பெரிக்குக் குளோரைட்டுன்னு எழுதியிருக்கும். படிக்காதவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுன்னுதான் தோணும்.

ஒண்ணு இல்ல. இரும்பு குளோரினோட ரெண்டு விதமாச் சேரும். ரெண்டு குளோரினோட சேர்ந்தா ஒரு சாமான், மூணோட சேர்ந்தா வேற சாமான். முதலாவதைக் கரைச்சா இளம் பச்சை, மத்தது மஞ்சளும் கபிலமுமா, மண்ணிறமா இருக்கும். அந்தக் காலத்துல முதலாவதுக்கு பெரசு, மத்ததுக்கு பெரிக்குன்னு பேர் வச்சிருந்தாங்க. இப்போ பேருக்குள்ளேயே கணக்கைச் சொல்லிடுறாங்க, இரும்பு இரண்டு குளோரைட்டு, இரும்பு மூன்று குளோரைட்டுன்னு. எழுதும்போது அந்த ரெண்டையும் மூணையும் ரோமன் எழுத்துல, பிறை அடைப்புக்குள்ள எழுதணும். நல்ல முறைதான். எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

அந்தப் பெரசுக் குளோரைட்டுப் போத்தலைக் கையில எடுத்துப் பார்த்தா, அல்லாஹ்வே, உள்ளுக்குள்ள ஆணி! சுவர்ல அடிக்கிற சாதாரண இரும்பு ஆணி ஏழெட்டு, கறுத்துப்போய், அடியில மண்டியோட கிடந்துச்சு. லேபல்ல பேருக்குக் கீழ பென்சில்ல, "ஆணி உள்ளே இருக்கட்டும்"னு வேற எழுதியிருந்தாங்க. எடுத்து வீசப் பஞ்சிப்பட்ட சோம்பேறி ஆள் அதுக்கொரு சாட்டும் எழுதி வச்சிருக்காங்கன்னு நினைச்சு நான் தனியாச் சிரிச்சேன். வடிதாள் போட்டு கரைசலை வடிகட்டினேன். ஆணியைக் குப்பையில போட்டேன். புதுசா வந்த கபில நிறப் போத்தல்ல ஊத்தி, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, இரும்பு(II) குளோரைட்டுன்னு அழகா எழுதி ஒட்டினேன். வடிகட்டின நேரம் அது நல்ல இளம் பச்சையாத்தான் இருந்துச்சு. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

பார்வையிட வந்தவங்க அலுமாரியைத் திறந்து பார்த்துட்டு, ஃபோன்ல படமே எடுத்தாங்க. மத்தப் பள்ளிக்கூடங்களுக்கும் காட்டணுமாம். எங்க பள்ளிக்கூட அதிபர் என் நிரந்தர நியமனத்துக்குத் தான் சிபாரிசு எழுதுறதா அவங்க முன்னுக்கே சொன்னாங்க. அன்னைக்குப் பஸ்ஸுல சீட் கிடைக்காம நின்னுக்கிட்டு வந்தேன், கால் வலிச்சதே தெரியல்ல.

ஒரு மாசம் தாண்டியிருக்கும். மாகாண மட்டத்துல கெமிஸ்ட்ரி செய்முறைப் போட்டி ஒண்ணு வந்துச்சு. எங்க பள்ளிக்கூடத்துல இருந்து ரெண்டு பேர் போகலாம். உயர்தரத்துல அஞ்சு பேரைத் தெரிஞ்சு, அவங்களுக்கு ஒரு சோதனை வச்சு, அதுல ரெண்டு பேரை எடுக்கிறதுன்னு கெமிஸ்ட்ரி சேர் முடிவு பண்ணினார். ஆறு டெஸ்ட் டியூப்ல ஆறு கரைசல், பேர் இல்ல, நம்பர் மட்டும். எந்த நம்பர்ல என்ன இருக்குன்னு பிள்ளைங்க கண்டுபிடிக்கணும். கரைசலை ஊத்தி வைக்கிறதும் என் வேலை, எந்த நம்பர்ல எதை ஊத்தினேன்னு சேருக்குப் பட்டியல் எழுதிக் குடுக்கிறதும் என் வேலை. மூணாம் நம்பருக்கு அந்தக் கபிலப் போத்தலை எடுத்தேன். தண்ணி கலந்து ஊத்தும்போது லேசா மஞ்சளடிச்ச மாதிரி இருந்துச்சு. இவ்வளவு தண்ணி சேர்த்தா நிறம் எங்க தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன். பட்டியல்ல போத்தலைப் பார்த்து எழுதினேன், மூணு: இரும்பு இரண்டு குளோரைட்டு.

அந்த அஞ்சு பேர்ல ஒரு பொம்பளைப் பிள்ளை எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல இருந்து வர்றவ. அவங்க லயத்து வரிசை வீடுகள்லயே சயன்ஸ் படிக்கப் போன முதல் ஆள் இவதான். வாய் திறந்து பேசமாட்டா. ஆனா டெஸ்ட் டியூப்பைப் பிடிக்கிற விதம் இருக்கே, அது ஒரு அழகு. வேலை முடிஞ்சா மத்ததுங்க எல்லாத்தையும் பேசின்ல போட்டுட்டு ஓடும், இவ மட்டும் தான் பாவிச்சதைத் தானே கழுவிக் கவிழ்த்து வச்சிட்டுப் போவா. எனக்கு அவமேல ஒரு தனி விருப்பம்னு சொன்னா பொய் இல்ல.

சோதனை முடிஞ்சதும் நான்தான் அஞ்சு பேரோட டியூப்பையும் எடுத்துக் கழுவினேன். அன்னைக்குப் பிள்ளைங்க கழுவாம விடைத்தாளைக் குடுத்துட்டுப் போகட்டும்னு சேர் சொல்லியிருந்தார். மூணாம் நம்பர்ல சோடியம் ஐதரொட்சைட்டு விட்டிருந்த டியூப் அஞ்சுலயும் துரு நிறத்துல மண்டி. தயோசயனேட்டுன்னு இன்னொரு இரசாயனத்தை விட்டுப் பார்த்திருந்த டியூப் அஞ்சும் இரத்தச் சிவப்பு. அஞ்சு பேரும் ஒழுங்காச் செஞ்சிருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டு பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு.

மறுநாள், வியாழக்கிழமை, சேர் லேப்புல வச்சு முடிவைச் சொன்னார். மூணாம் நம்பருக்கு நாலு பேர் இரும்பு ரெண்டுன்னு எழுதியிருந்தாங்க, பச்சை மண்டி வந்துச்சு, சிவப்பு வரல்லன்னு குறிப்போட. தோட்டத்துப் பிள்ளை மட்டும் இரும்பு மூணுன்னு எழுதியிருந்தா. கபில மண்டி, இரத்தச் சிவப்பு. சேர் நல்ல மனுஷன்தான், ஆனா கோபம் வந்தா நாக்குக்குக் கடிவாளம் இல்ல. வேற ஆள் யாராவதுன்னா பரவாயில்ல, உன்கிட்ட இதை எதிர்பார்க்கல்லன்னு தொடங்கினார். கழுவாத டியூப்பை எடுத்தியான்னு கேட்டார். கனவு கண்டுக்கிட்டுச் செஞ்சியான்னு கேட்டார்.

"சேர், நான் பார்த்ததைத்தான் எழுதினேன்"னு அவ மெதுவாச் சொன்னா.

"நாலு பேருக்குப் பச்சையாத் தெரிஞ்சது உனக்கு மட்டும் சிவப்பாத் தெரியுமா? கண்ணால பார்க்கத் தெரியாதவங்களுக்கு இந்தப் பாடம் சரிவராதும்மா"ன்னார் சேர்.

நான் ட்ரேயைத் தூக்கிக்கிட்டுப் பின்னால நின்னேன். அந்த இடத்துலதான் எனக்குச் சுரீர்னுச்சு. நாலு பேருக்குப் பச்சையா? நான் கழுவினதுல எங்க பச்சை இருந்துச்சு?

பள்ளிக்கூடம் விட்டதும் கதவைச் சாத்திக்கிட்டு அந்தப் போத்தல்ல இருந்து கொஞ்சம் ஊத்திப் பார்த்தேன். தயோசயனேட்டு ஒரு சொட்டு விட்டதும் இரத்தச் சிவப்பு. புத்தகத்தை எடுத்துப் புரட்டினா எல்லாம் அதுல இருக்கு. இரும்பு இரண்டு, காத்துப் பட்டா தன்பாட்டுல இரும்பு மூணா மாறிடும், வாழைக்காயை வெட்டி வச்சா கறுக்குமே அந்த மாதிரி. உள்ள இரும்புத் துண்டு கிடந்தா, மாற மாற அது திருப்பி ரெண்டாக்கிக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் ஆணி. நான் அழுக்குன்னு எடுத்து வீசினது அந்த ஆணியைத்தான். போத்தல்ல நான் எழுதின பேர் ரெண்டு, உள்ள இருந்தது மூணு. அவ எழுதினது அட்சரம் பிசகாம சரி.

இப்போ கேட்பீங்க, உடனே ஓடிப்போய் சேர்கிட்ட சொல்லியிருக்கலாமேன்னு. சொல்லல்ல. இதை எழுதவே வெட்கமா இருக்கு. சிபாரிசுக் கடிதம் அந்தக் கிழமைதான் அலுவலகத்துக்குப் போயிருந்துச்சு. படம் எடுத்துக்கொண்டு போன அலுமாரி இதுதான், அதுல இருந்த பிழையும் என்னோடதுதான்னு எப்படிச் சொல்றது? ஒரு போட்டிதானே, அடுத்த வருஷம் போவா, சின்னப் பிள்ளை மறந்துடுவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை போச்சு. சனி, ஞாயிறு வீட்டுல சும்மா இருந்த கிண்ணத்தையெல்லாம் எடுத்து எடுத்துக் கழுவினேன். என்ன உனக்கு, பிசாசு பிடிச்ச மாதிரி இருக்கேன்னு உம்மா கேட்டாங்க. அவங்கமேல எரிஞ்சு விழுந்தேன், பாவம்.

திங்கக்கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரல்ல.

செவ்வாய்க்கிழமை இன்டர்வல் நேரம் லேப் வாசல்ல வந்து நின்னா. கையில அவளோட வெள்ளைக் கோட். துவைச்சு, அயர்ன் பண்ணி, நாலா மடிச்சு வச்சிருந்தா. அது பள்ளிக்கூடம் குடுத்த கோட், சயன்ஸை விட்டுப் போறவங்க திருப்பிக் குடுக்கணும்.

"மிஸ், நான் கலைப் பிரிவுக்கு மாறப்போறேன். அதிபரோட கையெழுத்துக்கு அம்மா ஆபீஸ்ல நிக்கிறாங்க"ன்னா.

ஏன் மகள்னு கேட்டேன். அவ மேசையைப் பார்த்துக்கிட்டே சொன்னா. நாலு பேருக்குப் பச்சையாத் தெரிஞ்சது தனக்கு மட்டும் சிவப்பாவும் கபிலமாவும் தெரிஞ்சதால, கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு அவளுக்குப் பயம் வந்திருக்கு. சில பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதுன்னு எங்கேயோ படிச்சிருக்கா. மூணு நாள் ராவா நித்திரை இல்ல. அம்மாகிட்ட அழுது, திங்கக்கிழமை அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாம அவளை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. புள்ளி புள்ளியா நிறம் போட்ட புத்தகம் ஒண்ணைக் காட்டி, அதுல தெரியிற நம்பரை வாசிக்கச் சொன்னாங்களாம். எல்லாத்தையும் சரியா வாசிச்சிருக்கா.

"கண்ணுல ஒண்ணுமே இல்லையாம் மிஸ். அப்போ என் புத்தியிலதான் ஏதோ கோளாறு. இல்லாததையெல்லாம் பார்க்கிறேன் போல."

யா அல்லாஹ். அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன். கண் நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னா ஒரு பிள்ளை சந்தோஷப்படணும். இவளுக்கு அது இன்னும் பெரிய பயமா வந்து முடிஞ்சிருக்கு, அதுக்குக் காரணம் வாயை மூடிக்கிட்டு இருந்த நான்.

எல்லாத்தையும் சொன்னேன். ஆணியை வீசினது, லேபல் எழுதினது, பட்டியல் குடுத்தது, வியாழக்கிழமையே எனக்குத் தெரிஞ்சு போனது, ஒண்ணையும் மறைக்கல்ல. போத்தலை எடுத்து அவ கையிலேயே குடுத்தேன். அவ கோபப்படல்ல, அழவுமில்ல. ஒரு டியூப்பை எடுத்து, கொஞ்சம் ஊத்தி, ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டா.

"அப்போ மத்த நாலு பேருக்கும் எப்படி மிஸ் பச்சை வந்துச்சு?"

கோட்டை மேசையில வச்சிட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நேரா ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். சேர் கேன்டீன்ல வாங்கின ரோல்ஸைக் கடிச்சுக்கிட்டிருந்தார். நாலைஞ்சு டீச்சர்மாரும் இருந்தாங்க. தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு ஒரு நினைப்பு வந்துச்சு, நல்ல காலம், காலு நிக்கல்ல. எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். பிழை என்னோடது சேர், இந்தப் பிள்ளை எழுதினதுதான் சரின்னேன்.

சேர் கையைத் துடைச்சுக்கிட்டு எழும்பி லேப்புக்கு வந்தார். தானே செஞ்சு பார்த்தார். சிவப்பு வந்ததும் டியூப்பை ஸ்டாண்டுல வச்சிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். பிறகு மத்த நாலு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். ஏசுவார்னு நினைச்சேன், இல்ல. ஒவ்வொருத்தரா, உனக்கு உண்மையில என்ன நிறம் வந்துச்சுன்னு மட்டும் கேட்டார்.

நாலு பேருக்கும் சிவப்புதான் வந்திருக்கு. சிவப்பைப் பார்த்துட்டுத்தான் பச்சைன்னு எழுதியிருக்காங்க. எங்க லேப் சோதனையில இரும்புன்னா இரும்பு ரெண்டை மட்டும்தான் குடுப்பாங்கன்னு மேல் வகுப்புப் பிள்ளைங்களோட நோட்டுக் கொப்பியைப் பார்த்து எல்லாரும் பாடமாக்கி வச்சிருக்காங்க. நிறம் மாறி வந்ததும், தன் டியூப்தான் அழுக்குன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சு, வரவேண்டியதை எழுதிட்டாங்க. ஒரு பையன் அழத் தொடங்கிட்டான்.

"அவங்க கொப்பியைப் பார்த்தாங்க, நான் பட்டியலைப் பார்த்தேன். டியூப்பைப் பார்த்தது நீ ஒருத்திதான்"னு சேர் அவகிட்ட சொன்னார். அன்னைக்குச் சொன்ன வார்த்தைக்கு, அந்த நாலு பேரும் நானும் நிக்கும்போதே, மன்னிப்புக் கேட்டார். எங்க சேர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கதையில வர்ற மாதிரி எல்லாம் சரியாகிடல்ல. போட்டிக்குப் பேர் திங்கக்கிழமையே போயிருந்துச்சு. சேர் மூணு தடவை ஃபோன் எடுத்துக் கெஞ்சினார், முடிவு திகதி தாண்டிருச்சுன்னு மறுத்துட்டாங்க. நான் ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தா அவ போயிருப்பா. அதிபர் என்னைக் கூப்பிட்டு நல்லா ஏசினாங்க, எழுத்துல விளக்கமும் கேட்டாங்க. நிரந்தரக் கடிதம் அந்த வருஷம் வரல்ல, அடுத்த வருஷந்தான் வந்துச்சு. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

மேசையில கிடந்த கோட்டை நான்தான் அவளுக்குத் திருப்பிப் போட்டுவிட்டேன். கலைப் பிரிவுக்கு மாறுற கடதாசியோட அவ அம்மா இன்னும் ஆபீஸ் மர வாங்குல உட்கார்ந்திருந்தாங்க. அவங்ககிட்டயும் சொல்லணும்னு போனேன். என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும், விரலெல்லாம் கொழுந்துக் கறை. உங்க மகள் மேல ஒரு பிழையும் இல்ல, பிழை என்னோடது, என்னால உங்களுக்கு ஒரு நாள் வேலையும் போச்சு, என்னை மன்னிச்சுக்கங்க அக்கான்னு சொல்லிட்டு, ஏச்சு வாங்கத் தயாரா நின்னேன். நான் சொன்னது எவ்வளவு அவங்களுக்கு விளங்கிச்சோ தெரியாது. மகளோட முகத்தை ஒரு தடவை பார்த்தாங்க. பிறகு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"அழாதீங்க மிஸ். ஒரு நாள் போனா போகுது. பிள்ளைக்குக் கண்ணு நல்லா இருக்குன்னு தெரிஞ்சுச்சே, அது போதும்."

அவ இப்போ கம்பஸ்ல, பல்கலைக்கழகத்துல இரசாயனம் படிக்கிறா, அல்ஹம்துலில்லாஹ். லீவுக்கு வந்தா லேப்புக்கு வந்து என்னோட பிளேன்டீ குடிச்சிட்டுப் போவா. நடந்ததைப் பத்தி ஒரு நாளும் பேசினதில்ல. நான் தெரியாம செஞ்ச பிழையை அல்லாஹ் எப்பவோ மன்னிச்சிருப்பான்னு நம்புறேன். ஆனா தெரிஞ்ச பிறகும் நான் வாயைத் திறக்காத அந்த அஞ்சு நாளைக்குள்ளதான், ஒரு பிள்ளை தன்னோட நல்ல கண்ணை டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டிச்சு. அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது.